ஷிப்ட்

இரவு ஒன்றரைக்கு
கொட்பே ஐஸ் கம்பனி ஜன்னலுக்குள்
லூர்துநாயகம் பில்லை நீட்டினார்.
"பிள்ளை, இதென்ன?"

படகு: 40
ஐஸ்: 0 கட்டி

நான் தட்டியது மூன்று சொல்.
நீலவேணி. நாற்பது. வெள்ளி.
படகின் பேர், கட்டிக் கணக்கு, கிழமை.
பேர் வழியில் எங்கோ இறங்கிவிட
நாற்பது முன்னே வந்து படகாகிவிட்டது.
பின்னால் நின்ற வெள்ளியைப் பார்த்து
எத்தனை கட்டி என்று கேட்டிருக்கிறது பெர்ல்.
கிழமையை எண்ணாக்கச் சொன்னால்
அதற்குத் தெரிந்த ஒரே விடை
பூச்சியம்.

"அக்கா, பூச்சியம் கட்டியை
எந்த வண்டியில ஏத்த?" என்றான் ஹில்மி.
கையால் எழுதிக் கொடுத்தேன்.
ஐஸ் உடைக்கும் மெஷின் அலறத் தொடங்கியது.
கதவைச் சாத்திக்கொண்டேன்.

நிரலின் முதல் வரியாக ஒன்றைப் போட்டேன்:
வந்தவர்களை எண்ணு.
இரண்டு என்றது.
முதல் வரி. அதற்கு முன்னால் ஆளில்லை.
ஆளில்லாத இடத்தில் எடுத்தது யார்?

தேத்தண்ணி ஆறி ஏடு கட்டிய பிறகுதான்
ஞாபகம் வந்தது:
யூஸ் என்று அழைக்கப்பட்டவர்கள்
முதல் வரி ஓடுமுன்பே உள்ளே வந்துவிடுவார்கள்,
தாலி கட்டுமுன் பந்தியில் குந்திவிட்ட
மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் மாதிரி.

ஆறு மொடியூல்.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிகின்,
ஒவ்வொரு பிகினிலும் ஒரே கேள்வி.
எத்தனை பேர்?
மூன்று.
மூன்று.
மூன்று.

இங்கே என் விரல் நின்றது.
மூதூர் லோஞ்சுக்குப் போகையில்
இப்படித்தான் எங்களை இறக்கி எண்ணினார்கள்.
மணி மூட்டைக்குப் பக்கத்தில் ஒருதரம்,
ஜெட்டிப் பலகையில் ஒருதரம்,
அந்தப் பக்கம் இறங்கியதும் ஒருதரம்.
அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி
தானும் வாய்க்குள் எண்ணுவாள்.
ஒரு பின்னேரம் ஒன்று குறைந்தது.
எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் நடுவில் என்று
எழுதிவைத்த காகிதம் ஒன்றும் இல்லை.

நான்காவது பிகின்: மூன்று.
ஐந்தாவது: இரண்டு.

நடுவில் இருந்தது விலைப்பட்டியல் மொடியூல்.
முந்நூறு வரி. அதில் ஒரு சொல்.
ஷிப்ட்.
அடைப்புக்குறிக்குள் நின்றால்
தன் கைக்கு வந்ததில் ஒன்றை எடுக்கும்.
வெளியே நின்றால்
வாசலுக்கு வந்ததில் முதலாவதை எடுக்கும்.
சொல் ஒன்றுதான். நிற்கும் இடம்தான் வேறு.
இது
அடைப்புக்கு ஒரு வரி மேலே நின்றது.

நகர்த்தியது யார் என்று பதிவைத் திறந்தேன்.
கொழும்பிலிருந்து வந்து ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போன
அந்தப் பொடியனுக்கு வசவு தயாராக இருந்தது,
நல்ல சுத்தமான வசவு.
போன புதன், இரவு ஷிப்ட்.
குறிப்பு: "வரிகளை ஒழுங்காக்கினேன்."
பேர்: சுகிர்தா.

என் பேர்தான்.

வரியைக் கீழே இறக்கினேன்.
நீலவேணி, நாற்பது, வெள்ளி,
மூன்று பேரும் வந்தார்கள்.
இன்னொருதரம் ஓட்டினேன். வந்தார்கள்.
தேவையே இல்லாமல் மூன்றாவது தரமும் ஓட்டி
மூன்று என்று வாய்விட்டுச் சொன்னேன்.
பிகின்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஐந்தாவதை அழிக்கவில்லை.
அது அங்கேயே நின்று எண்ணட்டும்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது
நீலவேணியின் விளக்கு
முனையைத் தாண்டிவிட்டிருந்தது.
பஸ் நிலையத்தில், மூடிய கடை முன்னால்,
மான்கள் வாழைத்தோல் பொறுக்கிக்கொண்டிருந்தன.
கையில் அந்தப் பிழையான பில்.
கிழித்துப் போட நினைப்பதற்குள்
ஒன்று கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டு
முதல் வரியிலிருந்து
தின்னத் தொடங்கியது.